சதவீதம் பெரிது, ரூபாய் சிறிது!

திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், மணப்பாறையைத் தாண்டினால் வருவது வையம்பட்டி. முறுக்குக்குப் பேர்போன மணப்பாறை, 2023ஆம் ஆண்டில் அந்த முறுக்குக்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. வையம்பட்டிக்கு அப்படிப்பட்ட பெருமை எதுவும் இல்லை. மானாவாரி நிலம், ஆடு மாடு, சாலை, ரயில் பாதை: இவைதான் அதன் சொத்து. இங்கே வாழ்கிறவர்களுக்கு வண்டி என்பது ஆடம்பரம் அன்று. பால் கொண்டுபோவதும், காய்கறி ஏற்றுவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அதில்தான். ஆகவே மாதச் செலவில் அரிசிக்கும் பருப்புக்கும் அடுத்தபடியாகப் பெட்ரோல் வந்து உட்கார்ந்துகொண்டு வெகுகாலம் ஆகிறது.

இப்படிப்பட்ட ஊர்களைத் தேடித்தான் ‘பெட்ரோல் கிரெடிட் கார்டு’ வந்திருக்கிறது. “பெட்ரோல் போடுங்கள், ஐந்து சதவீதம் திரும்பப் பெறுங்கள்!” என்று விளம்பரம் அழைக்கிறது. ஏழேகால் சதவீதம் என்று அழைப்பதும் உண்டு. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு விற்கும் காலத்தில் இந்தச் சொல் காதில் தேனாகப் பாய்வதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்தத் தேன் எத்தனை சொட்டு? அதைத்தான் விளம்பரம் சொல்லுவதில்லை. சொல்லுகிறது என்றாலும், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய எழுத்தில் சொல்லுகிறது.

முதலில் வந்த தள்ளுபடி

இந்தக் கதையின் முதல் அத்தியாயம் சர்க்காரே எழுதியது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ஜனங்களைக் கார்டுப் பக்கம் திருப்புவதற்காக, அந்த ஆண்டு டிசம்பர் 13 முதல், பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகளின் பங்குகளில் ரொக்கமில்லாமல் பணம் செலுத்துகிறவர்களுக்கு 0.75 சதவீதம் தள்ளுபடி கொடுக்கப்பட்டது. நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. நூறு ரூபாய்க்குப் போட்டவருக்கும் முக்கால் வீதம். பத்தாயிரத்துக்குப் போட்டவருக்கும் அதே முக்கால் வீதம்.

கிரெடிட் கார்டுகளுக்கு அந்தத் தள்ளுபடி 2019 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் இந்தியன் ஆயிலும் எச்.டி.எப்.சி. வங்கியும் கூட்டாக ஒரு கார்டை வெளியிட்டன. பெருநகரங்களை விட்டு, சிறு நகரங்களையும் சிற்றூர்களையும் மனத்தில் வைத்து வெளியிடப்பட்ட கார்டு அது. “ஆண்டுக்கு 50 லிட்டர் வரை பெட்ரோல் இலவசம்” என்பது அதன் கவர்ச்சி வாசகம். ‘வரை’ என்ற ஒரு சொல்லைக் கவனிக்கவேண்டும். தமிழில் இரண்டே எழுத்து. ஆனால் விளம்பரத்தின் பாரம் முழுவதையும் அதுதான் தாங்குகிறது!

உச்சவரம்பு என்னும் நிலை

அந்தக் கார்டுக்கு வங்கி வெளியிட்ட விதிகளைப் பார்க்கலாம். இந்தியன் ஆயில் பங்கில் செலவழிக்கும் தொகையில் ஐந்து சதவீதம் புள்ளிகளாகக் கிடைக்கும். ஆனால் முதல் ஆறு மாதங்களுக்கு மாதம் 250 புள்ளிதான் உச்சவரம்பு. அதன் பிறகு மாதம் 150 புள்ளி. புள்ளி ஒன்றின் மதிப்பு ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு ரூபாயாகவே வைத்துக்கொண்டாலும், ஆறு மாதம் கழிந்தபின் மாதம் 150 ரூபாய்க்கு மேல் பெட்ரோலில் கிடைக்காது.

வாசகர்கள் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். மாதம் 3,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவருக்கு 150 ரூபாய். சரியாக ஐந்து சதவீதம். 6,000 ரூபாய்க்குப் போடுகிறவருக்கும் அதே 150. இப்போது வீதம் இரண்டரை. 12,000 ரூபாய்க்குப் போடுகிறவருக்கும் அதே 150. வீதம் ஒன்றேகால்! விளம்பரத்தில் இருந்த ஐந்து, செலவு ஏற ஏறத் தேய்ந்துகொண்டே போகிறது.

அந்த 50 லிட்டர் எங்கே போயிற்று என்று கேட்கலாம். மாதம் 150 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,800 ரூபாய். லிட்டர் நூறு ரூபாய் என்று கணக்கு வைத்தால் 18 லிட்டர். மீதியை மளிகைக் கடையிலும் மின்சாரக் கட்டணத்திலும் அதே கார்டைத் தேய்த்துச் சேர்த்துக்கொள்ளவேண்டும். அவற்றிற்கும் தலைக்கு மாதம் 100 புள்ளி என்று தனித்தனி உச்சவரம்பு உண்டு. அதாவது, பெட்ரோல் கார்டு என்று பெயர். குடும்பச் செலவு முழுவதும் அதன் வழியே ஓடினால்தான் ஐம்பது லிட்டர்!

பாரத் பெட்ரோலியமும் எஸ்.பி.ஐ. கார்டும் சேர்ந்து வெளியிட்ட கார்டின் விதி வேறு மாதிரி. நூறு ரூபாய்க்கு 13 புள்ளி. நான்கு புள்ளி சேர்ந்தால் ஒரு ரூபாய். ஒரு பில் காலத்துக்கு 1,300 புள்ளி உச்சவரம்பு. கணக்குப் பார்த்தால் 325 ரூபாய். பத்தாயிரம் ரூபாய்ச் செலவோடு அது முடிந்துவிடும். 2020 டிசம்பரில் வந்த ‘ஆக்டேன்’ என்னும் அதன் பெரிய அண்ணனில் நூறு ரூபாய்க்கு 25 புள்ளி. உச்சவரம்பு 2,500 புள்ளி. அதாவது 625 ரூபாய். இதிலும் பத்தாயிரத்தில் கதவு சாத்தப்படுகிறது. ஆண்டுக் கட்டணம் மட்டும் 499லிருந்து 1,499 ஆக ஏறிவிடுகிறது.

விதிகள் அவ்வப்போது மாறும். நாளைக்கு 150 என்பது 200 ஆகலாம். 100 ஆகவும் ஆகலாம். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ரூபாயைப் பார். ரூபாயைப் பார்ப்பதற்கு முன்னால் தன் வீட்டு மாதச் செலவைப் பார்.

வாசற்படியும் உண்டு

மேலே தலையில் இடிக்கும் நிலை இருப்பதுபோல, கீழே காலில் இடறும் வாசற்படியும் உண்டு. அதற்குப் பெயர் ‘குறைந்தபட்சத் தொகை’.

பங்கில் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பொதுவாக ஒரு சதவீதம் ‘சர்சார்ஜ்’ விழும். அதை வங்கி பிறகு கழித்துக் கொடுக்கும். ஆனால் எல்லோருக்கும் அல்ல. எச்.டி.எப்.சி. - இந்தியன் ஆயில் கார்டில், ஒரு தடவைக்குக் குறைந்தது 400 ரூபாய்க்குப் போட்டால்தான் அந்தக் கழிவு. வையம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பால் கேன் கட்டிக்கொண்டு போகும் மொபெட்டை எண்ணிப் பாருங்கள். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டியின் டேங்கே நான்கு லிட்டர்தான். உருட்டிக்கொண்டு வந்து நிரப்பினால்தான் 400 ரூபாயை எட்டும்!

அப்படிப்பட்ட வண்டிக்காரர் ஒருவர் மாதம் பத்துத் தடவை, தடவைக்கு 200 ரூபாய் வீதம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 2,000 ரூபாய். ஐந்து சதவீதக் கணக்கில் 100 ரூபாய் கிடைக்கும். ஆனால் சர்சார்ஜ் 20 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 3 ரூபாய் 60 காசு. மிச்சம் 76 ரூபாய் 40 காசு. ஆண்டுக்கு 916 ரூபாய் 80 காசு. அவருடைய ஆண்டுச் செலவு 24,000 ரூபாய்தான். ஆண்டுக் கட்டணம் தள்ளுபடியாக 50,000 ரூபாய் செலவழித்திருக்கவேண்டும். ஆகவே 500 ரூபாய்க் கட்டணமும் அதன் வரி 90 ரூபாயும் கட்டியாகவேண்டும். கடைசியில் கையில் நிற்பது 326 ரூபாய் 80 காசு. நாள் ஒன்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தானோ என்னவோ!

இனி அடுத்த கோடியில் இருக்கிறவரைப் பார்க்கலாம். ‘குட்டி யானை’ என்று ஊரார் அழைக்கும் சிறு சரக்கு வண்டி வைத்துக் காய்கறி ஏற்றுகிறவர். மாதம் 25,000 ரூபாய்க்கு டீசல். பாரத் பெட்ரோலியம் - எஸ்.பி.ஐ. கார்டில் அவருக்குக் கிடைக்கும் புள்ளி 325 ரூபாயோடு நின்றுவிடும். சர்சார்ஜ் ஒரு சதவீதம் என்றால் 250 ரூபாய். அதில் வங்கி கழித்துக்கொடுப்பது மாதம் 100 ரூபாய் வரைதான். ஒரு தடவைக்கு 4,000 ரூபாய்க்குள் போட்டிருக்கவும் வேண்டும். பாக்கி 150 ரூபாயும், 250 ரூபாய்க்கான ஜி.எஸ்.டி. 45 ரூபாயும் அவர் தலையில். 325 ரூபாயில் 195 ரூபாய் போனால் 130 ரூபாய். இருபத்தையாயிரத்துக்கு நூற்று முப்பது! சர்க்கார் கொடுத்துவந்த அந்தப் பழைய முக்கால் வீதம்கூட இல்லை. அரை வீதத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

ஆக, சிறியவரை வாசற்படி தடுக்கிறது. பெரியவரை நிலை இடிக்கிறது. குனியாமலும் தாண்டாமலும் உள்ளே போகிறவர் யார்? மாதம் மூவாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை பெட்ரோல் போடும், சம்பளம் வாங்கும், சொந்தக் கார் வைத்திருக்கும் நகரவாசி. கார்டு சிற்றூரைத் தேடி வந்தாலும், அதன் அளவு தில்லை நகரில் எடுத்த அளவு.

வங்கியின் நியாயம்

வங்கி என்ன தர்மசத்திரமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மற்றக் கடைகளில் கார்டு தேய்க்கப்படும்போது கடைக்காரர் ஒரு பங்கு கட்டணம் கொடுக்கிறார். அதில் ஒரு பகுதியைத்தான் வங்கி புள்ளியாக வாடிக்கைக்காரருக்குத் திருப்புகிறது. பெட்ரோல் பங்கில் அதற்கு வழி குறைவு. பங்க் உரிமையாளருக்குக் கிடைப்பது லிட்டருக்கு இவ்வளவு என்று கட்டிப்போட்ட கமிஷன். அதிலிருந்து ஒரு சதவீதம் எடுத்தால் அவர் பிழைப்பது எப்படி?

இந்தச் சச்சரவு ஒரு சமயம் தெருவுக்கே வந்தது. 2017 ஜனவரியில் சில வங்கிகள், கார்டு வியாபாரத்துக்கு ஒரு சதவீதக் கட்டணத்தைப் பங்க் உரிமையாளர்களிடமே பிடிக்கப்போவதாக அறிவித்தன. உடனே, “இனிமேல் கார்டு வாங்கமாட்டோம்” என்று பங்க் உரிமையாளர்களின் சங்கம் கொடி பிடித்தது. ரொக்கத்துக்கு நாடே வரிசையில் நின்ற நேரம் அது! கடைசியில், அந்தப் பாரம் வாடிக்கைக்காரர் மேலும் விழாது, பங்க் உரிமையாளர் மேலும் விழாது என்று மத்திய சர்க்கார் தலையிட்டுச் சொன்ன பிறகே அமளி அடங்கியது.

ஆகவே உச்சவரம்பு வைப்பதே அக்கிரமம் என்று சொல்லுவதற்கு இல்லை. வரம்பு இல்லாவிட்டால் பத்து லாரி வைத்திருக்கிறவர் ஒரே கார்டில் லட்சக்கணக்கில் டீசல் போட்டுப் புள்ளிகளை வாரிக்கொண்டு போவார். அந்த நஷ்டத்தை மற்றக் கார்டுக்காரர்கள் கட்டும் வட்டியிலிருந்துதான் வங்கி ஈடு செய்யும். அமெரிக்காவிலும் வரம்பு உண்டு. அங்கே கோஸ்ட்கோ என்னும் பெருங்கடையின் கார்டில் பெட்ரோலுக்கு உயர்ந்த சலுகை ஆண்டுக்கு 7,000 டாலர் வரை. அதைத் தாண்டினால் ஒரு சதவீதம். ஆனால் ஒன்று: வரம்பு முடிந்தாலும் சலுகை அடியோடு நிற்பதில்லை.

வரம்பு குற்றம் அன்று. வரம்பை மறைப்பதுதான் குற்றம்.

மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அந்த விரலின் அர்த்தம் நன்றாகத் தெரியும். கார்டு வியாபாரத்தில் துண்டும் இருக்கிறது, விரலும் இருக்கிறது. அர்த்தம் மட்டும் ஒரு தரப்புக்குத்தான் தெரிகிறது!

சலுகையைத் தின்னும் வட்டி

புள்ளிக் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. பில் தொகையை முழுவதும் கெடுவுக்குள் கட்டாவிட்டால் என்ன ஆகும்?

பத்தாயிரம் ரூபாய் பெட்ரோல் போட்டு 325 ரூபாய் சம்பாதித்தவர், அந்தப் பத்தாயிரத்தை ஒரு மாதம் தள்ளிக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 350 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 63 ரூபாய். தாமதக் கட்டணம் வேறு. ஒரே மாதத்தில் சலுகையும் போய், கைப்பணமும் போயிற்று. விளைச்சலை நம்பி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கையில் பணம் பார்க்கும் விவசாயிக்கு மாதாமாதம் கெடு வைக்கும் கார்டு எவ்வளவு பொருந்தும் என்பதை யோசிக்கவேண்டும்.

கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டினால் அது முறையற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ஆம் ஆண்டில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. ஆகவே புள்ளிக்கு உச்சவரம்பு உண்டு. வட்டிக்கு அந்த உச்சவரம்பு இல்லை! கொடுக்கும்போது கையைக் கட்டிக்கொள்ளவும் வாங்கும்போது கையை விரித்துக்கொள்ளவும் வசதி இருக்கிறது.

செய்யவேண்டியது என்ன?

கார்டு வைத்துக்கொள்ள விரும்புகிறவர் நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, மாதம் எத்தனை ரூபாய்க்கு மேல் சலுகை நிற்கும்? இரண்டு, ஒரு தடவைக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு போடவேண்டும்? மூன்று, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, அது எப்போது தள்ளுபடியாகும்? நான்கு, அந்தக் கம்பெனியின் பங்க் தான் போகும் வழியில் இருக்கிறதா?

நான்காவது கேள்வியை அலட்சியம் செய்யக்கூடாது. ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பங்கைத் தேடிப்போய் 500 ரூபாய்க்குப் போட்டால், மூன்றேகால் வீதப்படி 16 ரூபாய் சொச்சம் புள்ளி வரும். போகவர பத்துக் கிலோமீட்டர்; லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அதுவே 20 ரூபாய்ப் பெட்ரோல்!

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில கார்டுகளில் உச்சவரம்பு காலண்டர் மாதத்துக்கு. சிலவற்றில் பில் காலத்துக்கு. பில் 17ஆம் தேதி முடிகிறது என்றால், வரம்பு தீர்ந்தவர் டேங்கை 18ஆம் தேதி நிரப்பினால் அது அடுத்த கணக்கில் சேரும். ஒரு நாள் பொறுத்தவருக்கு முழுச் சலுகை, பொறுக்காதவருக்குப் பூஜ்யம்.

ஆனால் எல்லாப் பாரத்தையும் வாங்குகிறவர் தலையில் ஏற்றுவது தர்மம் ஆகாது. ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டில் வகுத்த விதிகளில், கார்டின் நிபந்தனைகள் எளிய நடையில், கூடுமானவரை ஆங்கிலம், இந்தியோடு அந்தந்த வட்டார மொழியிலும் இருக்கவேண்டும் என்று சொல்லப்பட்டது. விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்தில் முக்கிய விவரங்களைத் தரவேண்டும் என்றும் சொல்லப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் ‘கூடுமானவரை’ என்ற சொல் இருக்கும்வரை, கூடாமல் போவதற்கும் இடம் இருக்கிறது. வையம்பட்டியில் கார்டு விற்கத் தமிழ் தெரிந்த ஆளை அனுப்ப முடிகிற வங்கிக்கு, நிபந்தனையைத் தமிழில் அச்சடிக்க முடியாதா?

இன்னும் ஒரு படி மேலே போகவேண்டும். சதவீதத்தை எந்த அளவு எழுத்தில் அச்சிடுகிறார்களோ, அதே அளவு எழுத்தில், அதற்குப் பக்கத்திலேயே, ரூபாய் உச்சவரம்பையும் அச்சிடவேண்டும். “ஐந்து சதவீதம்; மாதம் 150 ரூபாய் வரை” என்று ஒரே வரியில் போடட்டும். கழிவுக்குரிய குறைந்தபட்சத் தொகையை மொபெட்டுக்காரருக்கு எட்டும்படி நூறு ரூபாய்க்குக் கொண்டுவரட்டும். கழித்துக்கொடுத்த சர்சார்ஜுக்கு வரி மட்டும் வாடிக்கைக்காரர் தலையில் நிற்பதையும் சர்க்கார் கவனிக்கட்டும். இவற்றால் எந்த வங்கியும் திவாலாகிவிடாது. கணக்குத் தெரிந்து வாங்குகிறவர் கார்டை நெடுநாள் வைத்துக்கொள்வார். ஏமாந்து வாங்கினவர் முதல் வருஷக் கட்டணத்தைக் கண்டதும் வெட்டி எறிவார்.

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியதும், “மீட்டரில் ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஊழியர் காட்டுகிறார். போடுவதற்கு முன்னால் பூஜ்யத்தைக் காட்டுவது அங்கே வழக்கம். கார்டு விற்கிறவர்களும் கொடுப்பதற்கு முன்னால் உச்சவரம்பைக் காட்டிவிட்டால், அப்புறம் வாங்குவதும் வேண்டாம் என்பதும் ஜனங்களின் சௌகரியம்.